மூக்குப்பேணி முதல் ஜாம் போத்தல் விளக்கு வரை

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். கல்லூரியின் கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியவை இம்மலரின் வேறு பக்கங்களில் இருக்கும். நான் எடுத்துக்கொண்டது எங்கள் வீடுகளின் வரலாறு. இன்னும் சரியாகச் சொன்னால், குசினியிலும் பரணிலும் கோடிப்புறத்திலும் கிடந்த பொருட்களின் வரலாறு.

பதினெட்டு வருடங்களாக நான் பழைய வீட்டுப் பொருட்களைச் சேர்த்து வருகிறேன். தொழிலால் வைத்தியர்; வரலாறு படித்தவள் அல்லள். ஆனால் வந்தவரை இருத்தி, கதையைக் கேட்டு, கேட்டதை எழுதிக்கொள்வது எங்கள் தொழிலின் முதற்பாடம். எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு இருந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று நோயாளியிடம் கேட்கும் அதே கேள்விகளைத்தான் ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து தருபவரிடமும் கேட்கிறேன். கிளினிக்குக்கு வருகிற ஆச்சிமாருக்கு என் விருப்பம் தெரியும். முருங்கைக்காயும் முட்டையும் கொண்டுவந்தவர்கள் இப்போது, “டொக்டர் பிள்ளை, உங்களுக்கு உதுகள் விருப்பமாமே” என்று சொல்லி, பழைய சேலைத் துண்டில் சுற்றிய பாக்குவெட்டியையோ விளக்கையோ மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை உடனே போகவிடுவதில்லை. பொருளை விட அதைப் பற்றிய பேச்சுத்தான் எனக்கு வேண்டும். அந்தப் பேச்சு அவர்களோடு போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பொருட்களின் வரலாறு பெண்களிடம் தங்கியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தேசவழமை எழுத்தில் தொகுக்கப்பட்டபோதே பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம் தனியான சொத்தாகக் குறிக்கப்பட்டது. தாயின் சீதனத்திலிருந்து மகளுக்குச் சீதனம் என்பதே வழமை. வீடே பெண்ணுக்கு எழுதப்படுவது இங்கே சாதாரணம். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேர்வார். ஆகவே அம்மம்மாவின் அடுப்படிப் பொருள் அம்மாவுக்கும், அம்மாவினது மகளுக்கும், பெரும்பாலும் அதே வளவுக்குள்ளேயே இறங்கி வந்தது. சில குடங்களின் கழுத்தில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருக்கும். அவை பொதுவாக ஒரு பெண்ணின் பெயரின் முதலெழுத்தும் அவளுடைய தகப்பனின் பெயரின் முதலெழுத்தும். ஊர்க் கலியாணங்களுக்கு அண்டாவும் கிடாரமும் இரவல் போகும்போது மாறிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று ஆச்சிமார் சொல்வார்கள். எனக்கு அவை கையெழுத்தறியாத காலத்துப் பெண்களின் கையொப்பங்களாகத் தெரிகின்றன.

என் சேகரிப்பில் அதிகம் இருப்பவை மூக்குப்பேணிகள். எங்கள் மாணவியரில் இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பக்கத்தில் கிளிமூக்குப் போல நீண்ட, பித்தளையிலோ வெண்கலத்திலோ வசதியுள்ளவர் வீட்டில் வெள்ளியிலோ செய்த குடிகலம் அது. உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கலாம். ஒருவர் குடித்ததை மற்றவரும் எச்சிற்படாமல் குடிக்கலாம் என்பதால் இது மிகவும் சுகாதாரமான ஏற்பாடு என்று பலர் பெருமையாக எழுதுகிறார்கள். வைத்தியர் என்ற முறையில் எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் மூக்குக்குள் விரல் போகாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பித்தளையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். செம்பும் நாகமும் கலந்த உலோகம் அது. புளி, தேசிக்காய், மோர் போன்றவை அதில் நின்றால் செம்பு கரைந்து உணவில் சேரும். அதனால்தான் சமைக்கும் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். ஊர் ஊராக வந்து, வளவில் குழி கிண்டி நெருப்பு மூட்டி, துருத்தி ஊதி ஈயம் பூசிக் கொடுத்தவர்களை எங்கள் அம்மாமார் கண்டிருக்கிறார்கள். தமிழில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஈயம் என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்தால் அது நஞ்சு, குழந்தைகளின் மூளையைப் பாதிக்கக்கூடியது. இந்தியாவில் சிறு குழந்தைகளை வாட்டிய ஒருவகை ஈரல் நோய்க்கும், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலுக்கும் தொடர்பு இருந்ததை 1980களில் புனே பகுதியில் செய்த ஆய்வுகள் காட்டின. பழைய பித்தளையில் சமைத்தால் ஆரோக்கியம் என்று இப்போது புதிதாக ஒரு பேச்சு வந்திருப்பதால் இதை எழுதுகிறேன். காட்சிக்கு வையுங்கள், பூச்சுப் போன பாத்திரத்தில் இரசம் வைக்காதீர்கள்.

மூக்குப்பேணியின் கதை இத்துடன் முடியவில்லை. வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் மூக்குப்பேணி. தோட்ட வேலைக்கு வந்தவருக்கு என்ன? சிரட்டை, அல்லது பனையோலைப் பிளா. சில வீடுகளில் வேலிக்கம்பில் கொழுவிய தகரப்பேணி. அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தில் சுத்தம் பற்றிய எண்ணம் இருந்தது உண்மை. தீட்டு என்ற எண்ணமும் அதற்குள்ளே இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. பித்தளை என் அலுமாரியில் வரிசையாக நிற்கிறது. சிரட்டை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதையும் யாரும் தேடிக் கொண்டுவந்து தரவில்லை. என்னிடம் வரும் ஒரு தாத்தா, மேசையில் இருந்த மூக்குப்பேணியை நெடுநேரம் பார்த்துவிட்டு, “உதில நான் ஒருநாளும் குடிச்சதில்லைப் பிள்ளை” என்று சொன்னார். அடுத்த முறை தானே சிரட்டை ஒன்றைச் சுத்தமாகச் சீவிக் கொண்டுவந்தார். “இதையும் பக்கத்தில வையுங்கோ” என்றார். அப்படியே வைத்திருக்கிறேன். பெயர்த்துண்டில் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதியிருக்கிறேன்.

பாடசாலைகளும் இதற்கு வெளியே நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என ஒதுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள், மற்றவர்கள் வாங்குகளில் இருக்க, நிலத்தில் இருத்தப்பட்ட காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்று அரசு வற்புறுத்தியபோது அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. விடுதிகளில் சம போசனம் என்பது அதைவிடக் கடினமான வழக்காக இருந்தது. பொது இடங்களில் இப்படி ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் தேநீர்க்கடைகளில் ஒரே குவளையில் குடிப்பதற்கு 1960களில் போராட வேண்டியிருந்தது. ஒரு பாடசாலையின் பழைய தட்டுகளையும் குவளைகளையும் காட்சிக்கு வைப்பவர் யாராயினும், அவற்றில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உலோகம் நிலைக்கும், ஓலை நிலைக்காது. பழம்பொருள் சேகரிப்புகள் எல்லாம் பணக்கார வீடுகளின் கதையையே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, உமல், திருகணை, குட்டான், தூக்குப்பட்டை என்று எங்கள் குசினியிலும் கிணற்றடியிலும் அன்றாடம் புழங்கியவற்றில் பெரும்பகுதி பனையால் ஆனது. கரையான் அரித்ததும் அடுப்பில் போய்விடும். ஐம்பது வருடப் பழமையான நீத்துப்பெட்டி ஒன்றை நான் இன்னும் காணவில்லை. ஐம்பது வருடப் பழமையான செம்புகளோ முற்றத்துக்கு முற்றம் கிடைக்கும். ஆகவே ஓலைப் பொருளைப் பொறுத்தவரை, பழையதைத் தேடுவதை விட்டுவிட்டு இழைக்கத் தெரிந்தவர்களைத் தேடத் தொடங்கினேன். சார்வோலையைத் தெரிந்தெடுத்து, காயவைத்து, வார்ந்து, இழைத்து, பொத்தி முடிக்கும் வரை இருந்து பார்த்தேன். அந்தக் கை வேகத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். இழைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதினேன். ஒரு கடகத்துக்கு அதை இழைத்த பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைத்ததில்லை என்பதை அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

கடல் கடந்தும் புகையிரதத்திலும் வந்த பொருட்கள் வேறொரு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எங்கள் ஊர் ஆண்கள் மலாயாவுக்குப் போய் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள். ஆங்கிலம் படித்த பெண்ணைத் தேடிக் கலியாணம் செய்ததும் அவர்களே என்பதால் எங்கள் கல்லூரி வரலாற்றிலும் மலாயாவுக்கு இடமுண்டு. அவர்களுடைய றங்குப்பெட்டிகளில் எனாமல் அடுக்குச்சட்டிகளும் பிரம்புக் கூடைகளும் வந்தன. சிலவற்றின் அடியில், யப்பானியர் 1942க்கும் 1945க்கும் இடையில் அங்கே அச்சிட்ட, வாழைமரம் போட்ட நோட்டுகளும் கிடக்கும். போர் முடிந்ததும் வெறும் தாளாகிப்போன பணம் அது. ஆனாலும் வைத்திருந்தார்கள். கொழும்பு–காங்கேசன்துறைப் பாதை 1905இல் நிறைவேறிய பின்னர் கொழும்புக் கடைப் பொருட்கள் இலகுவாக வந்து சேர்ந்தன. பிஸ்கற் தகரங்கள் முடிந்த பின் நூலும் ஊசியும் போட்டு வைக்கும் பெட்டிகளாக எத்தனை தலைமுறை உழைத்தன என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும்.

சிங்கர் தையல் மெசின் இலங்கைக்கு வந்து கடை போட்டது 1877இல். உங்கள் வீட்டு மெசினின் வயது அறிய விரும்பினால் அடித்தட்டின் வலப்பக்கத்தில் பதித்த இலக்கத்தைப் பாருங்கள். ‘வை’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் 1920களிலோ 1930களின் முற்பாதியிலோ செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. மெசின்கள் இன்னும் தைக்கின்றன. எங்கள் தையல் வகுப்பில் படித்த எத்தனையோ அக்காமார், குடும்பத்தில் உழைக்கும் ஆண் இல்லாமற்போன காலத்தில் அந்த ஒரு மெசினை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். ஆகவே மெசினைக் கழற்றிவிட்டு இரும்புக் காலை மட்டும் எடுத்து, மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கும் இன்றைய நாகரிகம் எனக்குப் பிடிப்பதில்லை.

பெற்றோமக்ஸ் 1910ஐ ஒட்டிய காலத்தில் பெர்லினில் உருவானது. கலியாண வீடும் செத்த வீடும் கோயில் திருவிழாவும் அதன் வெளிச்சத்தில்தான் நடந்தன. அதன் மாண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருந்தது. பயப்பட வேண்டிய அளவல்ல. ஆனால் பழைய மாண்டில் சாம்பலைக் கையால் தட்டி ஊதாதீர்கள்.

கடதாசிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை கூப்பன் புத்தகங்கள். அரிசிப் பங்கீடு இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் தொடங்கி, 1979இல் உணவு முத்திரைகள் வரும் வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. கூப்பன் அரிசியை வீட்டில் சுண்டாலும் கொத்தாலும் அளந்து போட்ட அம்மாமாருக்கு, பிறகு ரின்பால் பேணியே சுண்டாகிவிட்டது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எங்கள் மிளகாய், வெங்காயத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. ஆனால் கடையில் வாங்கப் பொருள் இல்லை. அந்தக் காலத்துப் பொருட்களைப் பார்த்தவுடன் தெரியும்: ஒட்டு, பற்றாசு, மாற்றுப்பிடி இல்லாத ஒன்றும் கிடையாது. 1977க்குப் பின்னர் வந்த பிளாஸ்ரிக் வாளியும் கசற் றேடியோவும் அந்தத் திருத்தும் பழக்கத்தைச் சில வருடங்களில் மறக்கடித்துவிட்டன. காலத்தைக் கணிக்க இன்னொரு சிறு வழி: ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் 1972 மே 22க்கு முந்தியது. தமிழில் மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. முத்திரையில் அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை.

இனி என்னுடைய வகுப்பு மாணவியரின் காலம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. யாழ்தேவியும் நின்றது, அது மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்டோபர் ஆனது. பொருளாதாரத் தடையில் பற்றரி, பெற்றோல், சீமெந்து எல்லாம் வராமற்போயின. மண்ணெண்ணெய் துளி துளியாக அளந்து செலவழிக்கும் பொருளானது. அப்போது பிறந்ததுதான் எங்கள் ஜாம் போத்தல் விளக்கு. செய்முறையை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் என் பிள்ளைகளுக்கு அது தெரியாது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் நூற்திரியை இழுத்து, ஒரு கம்பியில் கோத்து, கம்பியைப் போத்தலின் வாயில் கொழுவிவிட வேண்டும். திரியின் நுனி போத்தலுக்குள்ளேயே எரியும். காற்றுக்கு அணையாது, எண்ணெய் குடிக்காது, ஹெலியின் சத்தம் கேட்டால் ஒரு கையால் மூடி மறைக்கலாம். இதைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு குடாநாடு முழுவதும் சேர்ந்து கண்டுபிடித்த பொருள் அது.

அந்த ஒரு சுடரைச் சுற்றி நான்கு பேர் இருந்து படித்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். நாங்கள் பின்னேரம் கேட்ட செய்தி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிடித்த மின்சாரத்தில் கேட்டது. சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தில் தோய்த்த வெள்ளைச் சீருடையைக் கொடியில் போட்டுவிட்டு, மாடு சப்பாமல் காவல் இருந்தோம். நாளிதழ் பாடக்கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் அச்சாகி வந்த நாட்களும் உண்டு. அத்தகைய பத்திரிகைத் தாள்கள் சில என்னிடம் இருக்கின்றன. தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கின்றன.

பின்னாளில் சத்திரசிகிச்சை விடுதியில் பயிற்சி பெற்றபோது விளக்கின் மறுபக்கத்தையும் கண்டேன். நாடு முழுவதும் மின்சாரம் இல்லாத வீடுகளில் பாவித்த சாதாரண குப்பி விளக்குகள் எளிதில் சரியும். திரி பிடித்த மூடி கழன்று எண்ணெய் கொட்டும். பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் உடலில்தான் முதலில் தீப்பிடிக்கும். தென்னிலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணராகக் கடமையாற்றிய டொக்டர் விஜய கொடகும்புர இப்படிப்பட்ட எரிகாயங்களைக் கண்டு கண்டு சலித்து, குள்ளமான, பாரமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுள்ள ஒரு கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். சரிந்தாலும் அது உருளாது, எண்ணெய் சிந்தாது. ‘சுதீப’ என்று பெயர். அதற்காக 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. என் அலுமாரியில் ஜாம் போத்தல் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சுதீப விளக்கும் இருக்கிறது. விலை சொல்லப்போனால் இரண்டுக்கும் ஒன்றுமில்லை. என் சேகரிப்பில் தீப்பிடித்தால் நான் முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவது இந்த இரண்டையும்தான்.

ஒக்டோபர் 30 என்ற திகதியை எங்கள் வகுப்பு மாணவியர் மறக்கமாட்டார்கள். 1995இல் அன்றிரவு மழையில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தோம். சைக்கிள் கரியரில் எதைக் கட்டுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் அரை மணித்தியாலத்தில் முடிவெடுத்தார்கள். பலரிடம் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்: காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ், ஒரு சட்டி, அரிசி. ஒருவர் குத்துவிளக்கின் மேற்பாதியை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். கீழ்ப்பாதியைக் கிணற்றுக்குள் போட்டார். திரும்பி வந்து எடுத்தார். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இலேயே இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இருபது வருடங்களுக்கும் மேலாகக் காத்திருந்து, பாதுகாப்பு வலயம் விடுவிக்கப்பட்ட பின் தன் வளவுக்குப் போன என் வகுப்புத் தோழி ஒருத்தி, வீடு இருந்த இடத்தை ஆட்டுக்கல்லை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

அதே ஒக்டோபர் 30, ஐந்து வருடங்களுக்கு முன், 1990இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட நாள். உடுத்த உடுப்போடும் சொற்பப் பணத்தோடும் போனார்கள். வீட்டுப் பொருட்கள் அப்படியே நின்றன. பிறகு கை மாறின. எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் அடுத்த நாள் வகுப்பில் இல்லை. எங்கள் பழைய மாணவியர் கூட்டங்களில் இதை நாங்கள் போதிய அளவு பேசியதில்லை என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில் பெரிய செம்புத் தட்டம் ஒன்றைக் கண்டேன். சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் அது. விளிம்பில் இரண்டு எழுத்துகள் குத்தியிருந்தன. எங்கே வாங்கினது என்று கேட்டேன். “உதெல்லாம் அப்ப வாங்கினது, ஆருக்குத் தெரியும்” என்றார் கடைக்காரர். வாங்குவதா விடுவதா என்று யோசித்தேன். விட்டால் உருக்கிவிடுவார்கள் என்பதால் வாங்கினேன். இப்போது புத்தளத்தில் இருக்கும் எங்கள் கல்லூரி அக்கா ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எடுத்தார். “எங்கட வீட்டினது இல்லைத் தங்கச்சி. எங்கட உம்மான்ர சஹன் இதைவிடச் சின்னன். ஆனா இதைக் கண்டதும் அவ அழுதிட்டா. நீங்க வைச்சிருங்கோ, விசாரிச்சுப் பாப்பம்” என்றார். அவர் பலரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இந்த மலரை வாசிப்பவர்களில் யாருக்காவது அந்த எழுத்துகள் யாருடையவை என்று தெரிந்தால், தட்டம் அந்த வீட்டுக்குப் போகும். அதை நான் என் சேகரிப்பில் கணக்கெடுப்பதில்லை. தனியே, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

2002இல் ஏ9 பாதை திறந்த பின்னரும், 2009க்குப் பின்னர் இன்னும் அதிகமாகவும், பழைய கதவு, தூண், அலுமாரி, சாய்மனைக்கதிரை வாங்குபவர்கள் லொறியோடு வரத் தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து பூட்டிய வீட்டைப் பார்க்க வருகிறவர்களும், விற்றுத் தீர்க்க வருகிறவர்களும் அவசரத்தில் இருந்தார்கள். விற்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்குக் கூரை போடக் காசு வேண்டியவருக்குத் தேக்கு அலுமாரி கூரையாகிவிட்டுப் போகட்டும். ஆனால் எங்கள் ஊர்த் தூண் ஒன்று ஏதோ ஒரு கடற்கரை விடுதியில், ஊர் பேர் இல்லாமல் அழகுக்கு நிற்கும்போது அதன் கதை முடிந்துவிடுகிறது. நாவற்குழியில் இப்போது அரும்பொருட்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் எங்கள் மலர்களையும் சஞ்சிகைகளையும் வலையேற்றி வருகிறது. நல்ல காரியங்கள். என்றாலும் ஓர் ஆட்டுக்கல்லில் எந்தப் பெண் எத்தனை மணிக்கு எழும்பி அரைத்தாள் என்பதை எந்தக் காட்சியகமும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பலர் கேட்பதால் சில வார்த்தைகள். பித்தளையைப் புளி போட்டு மினுக்க வேண்டாம். ஒவ்வொரு மினுக்கலிலும் அந்தப் புள்ளியெழுத்துகள் தேயும். ஓலைப் பொருளைக் கழுவாமல், பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, இரண்டு கிழமை ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்தால் பூச்சி சாகும். கடிதங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் லமினேற் செய்ய வேண்டாம், செலோரேப்பும் ஒட்ட வேண்டாம். றங்குப்பெட்டிக்குள் பூச்சி உருண்டை போடுகிறவர்கள், அந்தத் துணியில் கைக்குழந்தையைக் கிடத்தாதீர்கள். சில குழந்தைகளுக்கு, பிறப்பிலேயே ஒரு நொதியம் குறைவாக இருப்பதால், அந்த வாசனையே இரத்தத்தைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். படம் எடுக்கும்போது அடியையும் பின்பக்கத்தையும் எடுங்கள். பெயர்த்துண்டைப் பென்சிலால் எழுதுங்கள், மை பரவும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் தோழியரிடம் பேசும்போது, அவர்களிடம் எங்களிடம் இல்லாத பொருட்கள் இருப்பது தெரிகிறது. விமானத்தில் இருபது கிலோவுக்குள் இடியப்ப உரலைக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். எரிந்தும் இடிந்தும் இங்கே அழிந்த படங்களின் இரண்டாம் பிரதி, 1980களில் ஒரு கடித உறைக்குள் அனுப்பப்பட்டதால் அங்கே தப்பியிருக்கிறது. நூற்றாண்டு விழாவுக்கு வருகிறவர்கள் அவற்றைக் கொண்டுவந்தால், படம் பிடித்து, கதையை ஒலிப்பதிவு செய்து, பொருளை உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன்.

நான் குறிப்பாகத் தேடுபவை சில. ஓட்டோகிராப் கொப்பிகள், அவற்றில் பிரியும் நேரத்தில் எழுதிய வேடிக்கைகள் எல்லாம் வேண்டும். தையல் வகுப்பில் மாதிரி போட்ட துணித்துண்டு. 1970களில் வந்த என்சிஜிஈ பரீட்சைக்குப் பாவித்த பாடக்கொப்பி. விடுதியில் பாவித்த எனாமல் கோப்பை, முடிந்தால் கோப்பையின் அடியில் இலக்கம் உள்ளது. 1990க்கும் 1995க்கும் இடையில் யாராவது செய்து பாவித்த ஜாம் போத்தல் விளக்கு, கழுவாமல், கரியோடு. என்னிடம் இருப்பது பின்னர் நினைவில் வைத்துச் செய்தது. உண்மையில் எரிந்தது ஒன்றை நான் இதுவரை காணவில்லை.